தனியாக வந்திருக்கும் விருந்தாளி



தனியாக ஊர் சுற்றுவதில் ஓர் இன்பம் இருக்கிறது. பிடித்த இடத்தில் நிற்கலாம், பசித்தபோது சாப்பிடலாம், கால் போன தெருவில் நடக்கலாம். இது எல்லோருக்கும் பொது. ஆனால் ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் இதில் இன்னொன்றும் கூடுதலாகக் கிடைக்கிறது. தன்னைத் தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் கொஞ்ச நாள் தானாகவே இருக்கலாம். தன்பாலீர்ப்பாளன் என்ற முறையில் இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட பயணம் என்றதும் பலர் சொல்லும் பெயர் ஆம்ஸ்டர்டாம். ஒரே பாலினத்தார் செய்துகொள்ளும் திருமணத்தை உலகிலேயே முதலில் சட்டமாக்கிய நாடு நெதர்லாந்து. 2001 ஏப்ரல் 1 அன்று முதல் திருமணங்கள் அந்த நகரத்தில்தான் நடந்தன. அங்கே வெஸ்டர்கெர்க் தேவாலயத்தை ஒட்டி, இளஞ்சிவப்புக் கல்லில் மூன்று முக்கோணங்களை அமைத்திருக்கிறார்கள். நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் சட்டையில் தைக்கப்பட்ட அடையாளம் அந்த முக்கோணம். அவமானத்துக்காக ஒட்டியதை 1987-இல் நினைவுச்சின்னமாக எழுப்பினார்கள். மூன்றில் ஒரு முக்கோணம் படிக்கட்டாகக் கால்வாய்த் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தப் படியில் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அதே 1987-இல்தான் நம் திருச்சியில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் நிறைவு பெற்றது. பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற கோபுரம், 13 நிலைகளோடு 236 அடிக்கு உயர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் தருவதை இந்தக் கோபுரத்தின் ஊரும் தர முடியுமா? முடியும் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தனியாக நடப்பவருக்குத் திருச்சியைப் போல வாய்த்த ஊர் குறைவு. விடியற்காலையில் மலைக்கோட்டை ஏறலாம். வழியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. உச்சிப் பிள்ளையார் சந்நிதியிலிருந்து பார்த்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் பச்சையாகக் கிடக்கும். கீழே இறங்கித் தெப்பக்குளம், சின்னக்கடைத் தெரு, பெரியகடைத் தெரு என்று கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரங்கள். உள்ளே கோயிலும், அதைச் சுற்றி உத்திர வீதி, சித்திரை வீதி என்று குடித்தனங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த ஊர். மாலையில் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டால் மணிக்கணக்கு தெரியாது.

இந்த ஊர் தன் தெய்வங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளையும் நினைத்துப் பாருங்கள். காவிரியில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமல் போனதும், பிரசவ வேதனையில் தவித்த பெண்ணுக்காகச் சிவனே தாயாக வந்தார் என்று மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலில் சொல்கிறோம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் வருகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகித் தலைவனை நினைத்து உருகினார். பெருமாளை விரும்பிய முஸ்லிம் இளவரசி என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் கொடுத்து, அவருக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நிவேதனம் செய்கிறோம். இவையெல்லாம் தன்பாலீர்ப்பைப் பற்றிய கதைகள் என்று நான் சொல்லவில்லை. பக்தர்களுக்கு அவற்றின் பொருள் வேறு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அன்பு எந்த உருவில் வந்தாலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கித் தரப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம் நம் வீட்டு வாசலுக்கும் வரலாமே என்பதுதான் என் ஆசை.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஒரு கேள்வியில் இருக்கிறது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெரியவர் கேட்பார்: “எந்த ஊரு தம்பி? தனியாவா வந்தீங்க? வீட்ல வரலையா? கல்யாணம் ஆயிடுச்சா?” டீக்கடையில் இதே கேள்வி. தரிசன வரிசையில், ஆட்டோவில், விடுதியின் வரவேற்பு மேசையில் இதே கேள்வி. கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. முகம் தெரியாதவனைச் சொந்தமாக்கிக்கொள்ள நமக்குத் தெரிந்த வழி அது. ஆனால் பதில் சொல்கிறவன் நிலைமை வேறு. “ஆயிடுச்சு” என்று பொய் சொன்னால், எத்தனை குழந்தை என்று அடுத்த கேள்வி வரும். “இல்லை” என்றால் அறிவுரை வரும். சில சமயம் ஜாதகமே கேட்பார்கள். பொய்யைச் சொல்லிச் சமாளித்துவிட்டாலும் ஓர் இழப்பு இருக்கிறது. அந்தப் பெரியவர் காட்டும் பிரியம் முழுவதும் இவன் இட்டுக்கட்டிய ஒரு குடும்பஸ்தனுக்குப் போய்ச் சேருகிறது. இவனுக்கு ஒன்றும் வருவதில்லை. ஆம்ஸ்டர்டாம் விடுதியில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கவே தயங்கும் விடுதிகள் உண்டு. பெண்ணை விரும்பும் பெண்ணோ, தனியாக வந்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும், கல்யாணம் வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

சட்டம் இப்போது நம்மைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது. ஆங்கிலேயர் 1860-இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, வயது வந்த இருவரின் சம்மதமான உறவைக் குற்றமாக்காது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். திருமண உரிமை மட்டும் 2023 அக்டோபர் தீர்ப்பில் கிடைக்கவில்லை. நம் மாநிலத்தில் 2021-இல் நடந்ததை நேயர்கள் அவசியம் அறிய வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தமக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்பதை உணர்ந்த அவர், ஓர் உளவியல் நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் உத்தரவு எழுதினார். காவல்துறை இவர்களைத் துன்புறுத்தக் கூடாது, “மாற்றிவிடுகிறேன்” என்று சொல்லும் சிகிச்சைகள் கூடாது என்றார். பதவியில் இருந்த ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முன்வந்தார் என்றால், நமக்கும் அது முடியும்.

தனியாகப் பயணம் செய்யும் என் போன்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. செயலி வழியே பழகியவரைச் சந்திப்பதானால், முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்பது நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். யாராவது படத்தைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள். குற்றம் செய்தவர் மிரட்டுகிறவர்தான். இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணும், அவசர உதவிக்கு 112-உம் உங்களுக்கும் உரியவை.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற ஆங்கில எழுத்தாளர், கேம்பிரிட்ஜ் நாட்களில் பழகிய தமிழ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தேடி 1890-இல் இலங்கைக்கு வந்தார். கார்ப்பென்டர் ஆண்களை விரும்பியவர். அவர் நாட்டில் அன்று அதற்குச் சிறை. அருணாசலம் அவரை ஒரு தமிழ் ஞானியிடம் அழைத்துப் போனார். அவர் காலடியில் இருந்து பாடம் கேட்ட கார்ப்பென்டர், பிறகு தென்னிந்தியக் கோயில்களையும் பார்த்து, 1892-இல் பயண நூல் வெளியிட்டார். ஊர் திரும்பியதும் ஜார்ஜ் மெரில் என்பவரைச் சந்தித்து, பின்னாளில் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். தன்பாலீர்ப்புக்கு ஆதரவாகத் துணிந்து புத்தகங்கள் எழுதினார். தமிழர்கள் அவரை வரவேற்றது அறிவைத் தேடி வந்த விருந்தாளியாக.

அப்படி வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். பல பேர் வெளிநாட்டிலிருந்து அல்ல, அரியலூரிலிருந்தும் கரூரிலிருந்தும் வருகிறார்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்தால் எந்த ஊர் என்று கேளுங்கள். சாப்பிட்டாச்சா, தாயார் சந்நிதி சேவித்தாச்சா என்று கேளுங்கள். குடும்பத்தைப் பற்றி அவரே பேசட்டும். பேசி, தன் துணை ஓர் ஆண் என்று அவர் சொன்னால், அவர் நன்றாக இருக்கிறாரா, என்ன வேலை செய்கிறார், அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். வேறு யார் குடும்பத்தைப் பற்றியும் நீங்கள் சொல்வதைத்தான் சொல்லச் சொல்கிறேன்.