நித்தியகல்யாணி

தில்லியில் சதாபஹார் என்றும், மும்பையில் சதாஃபுலி என்றும், கொல்கத்தாவில் நயனதாரா என்றும் அண்டை வீட்டார் அழைக்கும் செடியை நாம் நித்தியகல்யாணி என்கிறோம். சுடுகாட்டு மல்லி என்பதும் அதுவே. இவ்விரு பெயரும் ஒரே செடிக்கு வாய்த்தது விந்தைதான்!

மடகாஸ்கர் தீவே இதன் தாயகம். ஜமைக்கா மக்கள் நீரிழிவுக்கு இதன் இலைக் கஷாயத்தைப் பருகிவந்தனர். அதனை ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் நோபிள், எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறையக் காணவில்லை. வெள்ளணுக்கள் குறையக் கண்டார். அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு அவரும் பீர் என்பவரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அடுத்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று. உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் அதனுள் தோன்றும் நுண்ணிழைகளை உருவாகவொட்டாது தடுப்பதே இவற்றின் தொழில்.

ஆயினும், ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். தொட்டிச் செடியின் இலையை அரைத்துக் குடித்தால் நஞ்சுதான் உட்செல்லும். ஊரிலிருந்து உறவினர் சொல்லியனுப்பும் பச்சிலைச் சாற்றை நம்பி நாம் மருத்துவமனையைத் தள்ளிப்போடும் வாரங்களில் நோய் முற்றிவிடுகிறது. மருத்துவரோ வின்கிரிஸ்டினை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்துகிறார். விரல்கள் மரத்துப்போகின்றனவா என்றும் வினவுகிறார்.