பி.டி. பீரியடை விட்டுக்கொடுக்காதீர்கள்

இன்று உடற்கல்விப் பட்டம் பெறும் ஆசிரியர்களே,

சிறப்புக் கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நான் பி.டி. பீரியடில்தான் அழைத்து உட்காரவைப்பேன். வேறு பாடவேளை எனக்குக் கிடைக்காது. ஒரு பையன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு மூச்சுவிடக் கிடைத்த அந்த நேரத்தையும் நான் பிடுங்கினேன். அது தவறென்று புரியப் பல வருடம் ஆயிற்று.

2011-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு, கற்றல் குறைபாடுள்ள 104 பிள்ளைகளை அதே வயதுப் பிற பிள்ளைகளோடு ஒப்பிட்டது. வாசிப்பில் அதிகம் பின்தங்கியவர்கள் ஓடுவதிலும் தாவுவதிலும் பின்தங்கியிருந்தார்கள். கால் வலுத்தால் வாசிப்பு தானே வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அதே ஆய்வாளர்கள் பின்னர் பந்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பந்தாடும் திறன் கூடியது; அறிவுத்திறனில் தனி ஏற்றம் தெரியவில்லை. ஒலியைப் பிரித்து, எழுத்தோடு சேர்த்து, திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தால்தான் வாசிப்பு வரும். ஓட்டப் பயிற்சியில் டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புக் குறைபாடு தீரும் என்று யாராவது பணம் கேட்டால், பெற்றோரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் ஒலியை உடம்பால் உணர்த்த முடியும். தொல்காப்பியர் மாத்திரையை அளந்ததே கண்ணிமைப்பாலும் விரல் நொடியாலும்தானே! குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஒருநாள் எங்கள் பி.டி. சார் பாண்டிக் கட்டம் போட்டுத் தந்தார். குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு கட்டம் தாவ வேண்டும். 'படி' சொல்லித் தாவினோம், 'பாடி' சொல்லித் தாவினோம். அந்த ஜன்னல் பையன் சட்டென்று நின்று, "கால் வந்தா ரெண்டு கட்டம், டீச்சர்!" என்றான். துணைக்காலைத்தான் சொன்னான். அதுவரை அந்தக் கோட்டை அவன் விட்டுவிட்டே படிப்பான். மறுநாளே சரளமாக வாசித்துவிடவில்லை. வாசிக்க இரண்டு வருடம் பிடித்தது. ஆனால் அன்றைக்கு முதன்முறையாக, "இன்னொரு வார்த்தை சொல்லுங்க" என்று அவனாகக் கேட்டான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. படிப்போடு விளையாட்டிலும் சம வாய்ப்பு தரச் சொல்கிறது. நாளைக்கு உங்கள் பள்ளியில் என்னைப் போல ஒருவர் வந்து, "அந்த நாலு பேரை அனுப்புங்க சார்" என்பார். அனுப்பாதீர்கள். அவரை மைதானத்துக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு சாக்பீஸைக் கொடுங்கள்.