பெரிய கேமராவா, சின்ன கேமராவா?

(தென்காசியில் நமது அறக்கட்டளை நடத்திய தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





தொழில் உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் முன்பெல்லாம் தையல் மெஷின், தள்ளுவண்டி, ஆட்டோ என்றுதான் இருக்கும். இப்போது கேமரா கேட்டும் மனு வருகிறது. கடையநல்லூர், செங்கோட்டை, வடகரை, பொட்டல்புதூர் என்று பல ஊர்ப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பெற்றோர்கள் கேட்பது வேறு: "வீட்டு விசேஷத்துக்கும், குற்றாலம் போனால் நாலு படம் எடுக்கவும் எதை வாங்கலாம்?" இரண்டும் கேமரா பற்றிய கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல. ஒரே பதிலைச் சொன்னால் இருவரில் ஒருவருடைய பணம் வீணாகும். அதனால்தான் இன்று இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

படம் எடுப்பது பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் இங்கே பேசப்போவது பொருளையும், பணத்தையும், பொறுப்பையும் பற்றி மட்டும்தான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே ஒரு கண்ணாடி வைத்த பெரிய கேமரா. லென்ஸ் வழியாக வரும் காட்சியை அந்தக் கண்ணாடி மேலே திருப்பிவிடுகிறது. நம் கண் அதை நேராகப் பார்க்கிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சாரில் விழும். "கடக்" என்று கேட்கும் சத்தம் அதுதான். இதில் லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டலாம். காம்பேக்ட் என்கிற சின்ன கேமராவில் இந்தக் கண்ணாடி இல்லை. லென்ஸையும் கழற்ற முடியாது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம்.

பலரும் கடையில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். அதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் சென்சாரின் அளவைக் கேளுங்கள். சாதாரண காம்பேக்டின் சென்சார் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளம், நாலரை மில்லிமீட்டர் அகலம். ஆரம்ப நிலை கேனான் டிஎஸ்எல்ஆரின் சென்சார் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் நீளம், 15 மில்லிமீட்டர் அகலம். பரப்பில் பார்த்தால் சுமார் 12 மடங்கு. மழைத் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் செம்பு வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். நல்ல வெயிலில் இரண்டு படமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மண்டபத்து டியூப் லைட்டில், மஃரிபுக்குப் பிறகு, வேறுபாடு பளிச்சென்று தெரியும். சின்ன சென்சார் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் வரும்.

மெகாபிக்சல் கணக்கு எளிது. ஏ4 தாள் அளவுக்குத் தெளிவாக அச்சடிக்க சுமார் 9 மெகாபிக்சல் போதும். இன்று எந்தச் சின்ன கேமராவிலும் அது இருக்கிறது.

வீட்டு உபயோகத்துக்கு

வீட்டில் பிள்ளைகளையும் பெரியவர்களையும், பெருநாளையும், பயணத்தையும் படம் எடுக்க வேண்டும் என்றால் டிஎஸ்எல்ஆர் தேவையில்லை. வாங்கிய புதிதில் நாலு நாள் கழுத்தில் தொங்கும். பிறகு பீரோவில் தூங்கும். சின்ன கேமரா போதும். கையில் நல்ல போன் இருந்தால் அதுகூடத் தேவையில்லை.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. கேமரா நிறுவனங்களின் சங்கமான சிஐபிஏ கணக்கின்படி, 2010இல் உலகச் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அது 80 லட்சத்துக்கும் குறைவு. சின்ன கேமரா செய்த வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. பிறகு சின்ன கேமரா எதற்கு? தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்து எடுக்கும் ஜூம் அதில் நன்றாக இருக்கும். போனின் பேட்டரியையும் இடத்தையும் தின்னாது. பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காமலே படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கலாம். இந்தத் தேவைகளில் ஏதாவது இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு வையுங்கள்.

குற்றாலத்துக்குப் போனால்

நம் ஊர்க்காரர்களுக்கு இது தனிப் பாடம். ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் ஐந்தருவியிலும் மெயின் அருவியிலும் தண்ணீர்த் திவலை காற்றிலேயே மிதக்கும். கேமராவுக்கு அது ஆகாது. சாதாரண காம்பேக்டும் ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆரும் தண்ணீர் தாங்காதவை. அருவிப் பக்கம் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். ஈரம் உள்ளே போய்விடும். தண்ணீரிலும் எடுக்கும்படி செய்த சின்ன கேமராக்கள் தனியாக உண்டு. ஒலிம்பஸ் டிஜி-6 மாடல் 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். குளித்துக்கொண்டே படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு அந்த வகைதான் சரி.

அருவியைப் பால் வழிவதுபோல் எடுக்க வேண்டுமென்றால் ஷட்டர் அரை விநாடி திறந்திருக்க வேண்டும். கேமரா முக்காலியில் அசையாமல் நிற்க வேண்டும். துளித்துளியாக நிறுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி. இந்த இரண்டையும் நம் விருப்பப்படி செய்யும் வசதி டிஎஸ்எல்ஆரில் முழுமையாக உண்டு. பல சின்ன கேமராக்களில் இல்லை.

இன்னொன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அருவிக்கரையில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கனமான பை, முக்காலி, சின்னப் பிள்ளை மூன்றையும் ஒருவரே சுமந்து நிற்காதீர்கள். போலீசார் விலகச் சொன்னால் படத்தை விட்டுவிட்டு விலகுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. சாரல் காலத்தில் நம் பகுதிக் காற்றில் ஈரம் அதிகம். லென்ஸின் உள்ளே பூஞ்சை பிடிக்கும். தோல் பையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

தொழிலுக்கு என்றால்

இனி தம்பிமார்களிடம் பேசுகிறோம். நிகாஹ் நடக்கும்போது மாப்பிள்ளை "கபூல்" சொல்வது ஒரு முறைதான். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதும், மஹரைக் கொடுப்பதும் ஒரு முறைதான். "இன்னொரு தடவை செய்யுங்க, படம் வரல" என்று சொல்ல முடியாது. சின்ன கேமரா மங்கிய வெளிச்சத்தில் குறி தேடித் தடுமாறும். அந்தக் கணம் போய்விடும். டிஎஸ்எல்ஆர் சட்டென்று குறி பிடிக்கும். தனி ஃபிளாஷ் மாட்டிக் கூரையில் அடித்து வெளிச்சத்தைப் பரப்பலாம். கேனான் 1500டி போன்ற கேமராவில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 500 படம் எடுக்கலாம். எனவே கூலி வாங்கி எடுப்பவருக்கு டிஎஸ்எல்ஆர்தான் பொருத்தம். இதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் புதிதாக வாங்க வேண்டுமா? நிறுவனங்கள் இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டன. பெரிய ஸ்டுடியோக்காரர்களும் அதற்கு மாறுகிறார்கள். அவர்கள் விற்கும் பழைய டிஎஸ்எல்ஆர்கள் சந்தைக்கு வருகின்றன. தொடங்குகிறவருக்கு இது நல்ல வாய்ப்பு. கேனான் இஎஃப் லென்ஸ் வாங்கினால், பின்னாளில் அடாப்டர் போட்டு அதே நிறுவனத்தின் மிரர்லெஸ்ஸிலும் பயன்படுத்தலாம். போட்ட பணம் வீணாகாது.

பழையதை வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஷட்டர் எண்ணிக்கை. ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் தடவை உழைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால் 50 கல்யாணம். 80,000 ஓடியதை வாங்கினால் உங்களுக்கு மிச்சம் 10 கல்யாணம்தான். அதற்கு மேலும் ஓடலாம். ஆனால் அதை நம்பி விலை கொடுக்காதீர்கள்.

இரண்டு, லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சை. வேண்டாம்.

மூன்று, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கறுப்புப் புள்ளி வந்தால் சென்சாரில் அழுக்கு இருக்கிறது என்று பொருள்.

நான்கு, பில். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது யாரிடம் திருடியதோ தெரியாது. ஹலாலான தொழிலைச் சந்தேகமான பொருளில் தொடங்கக் கூடாது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் கேமராவுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கைகளுக்கு ஒரு வாய்ப்பு

நம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பகுதியைப் பெண்களே படம் எடுக்க வேண்டும் என்று பல குடும்பங்கள் விரும்புகின்றன. எடுக்க ஆள்தான் இல்லை. டிஎஸ்எல்ஆர் கற்றுக்கொண்ட ஒரு தங்கைக்கு இது கௌரவமான வருமானம். பெற்றோர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இதில் ஒரு பெரிய பொறுப்பும் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் படம் நம் கையில் இருக்கும் அமானிதம். போனில் எடுத்த படம், செட்டிங்கைப் பொறுத்து, நமக்குத் தெரியாமலே இணையத்தில் ஏறிச் சேமிக்கப்படும். கேமராவில் வைஃபையை அணைத்துவிட்டால் படம் கார்டை விட்டு வெளியே போகாது. பெரிய கேமராவோ சின்ன கேமராவோ, போனை விட இதில் மேல். ஆனால் கார்டில் அழித்துவிட்டால் படம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அழித்த படத்தை மென்பொருள் மூலம் மீட்க முடியும். எனவே பெண்கள் பகுதிக்குத் தனி கார்டு வையுங்கள். அதை வேறு யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். ஆல்பம் முடிந்ததும் அந்தக் கார்டைப் பெண்வீட்டாரிடமே ஒப்படைத்துவிடுங்கள். அதன் விலையையும் கூலியில் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படிச் செய்கிறவரை மறு கல்யாணத்துக்கும் அவர்களே கூப்பிடுவார்கள்.

பணம் எங்கிருந்து?

கடைசியாக, எங்களை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறோம். "வட்டியில்லாத் தவணை" என்று விளம்பரம் பார்த்ததும் பிள்ளைகள் மயங்கிவிடுகிறார்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைச் செயலாக்கக் கட்டணம் போன்ற வேறு பெயரில் வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுகிறார்கள் என்ற கருத்தைச் சொன்னது. பெயர் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. இரண்டு தவணை தவறினால் அபராதம், அதற்கு மேல் அபராதம். ரமளான் மாதத்தில் நம்மவர் கல்யாணம் இருக்காது, வருமானம் நிற்கும். தவணை நிற்காது.

ஆகவே கேமரா கேட்டு வரும் மனுக்களுக்கு நம் அறக்கட்டளை ஒரு முறையை வைத்திருக்கிறது. முதலில் ஆறு மாதம் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாகப் போக வேண்டும். விளக்குப் பிடியுங்கள், பை தூக்குங்கள், ஆல்பம் அடுக்கப் பழகுங்கள். பிறகு வாடகைக் கேமராவில் ஐந்து நிகழ்ச்சிகள் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குள் இந்தத் தொழில் ஒத்துவருமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு, பழைய கேமரா வாங்க வட்டியில்லாத அழகிய கடன் தருகிறோம். உதாரணமாக 36,000 ரூபாய் கடன் என்றால், மாதம் 2,000 வீதம் 18 மாதத்தில் திருப்பினால் போதும். ரமளானில் தவணை கேட்பதில்லை. அது ஒரு மாதம் தள்ளிப்போகும். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். நீங்கள் கட்டத் தவறினால் வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளைதான் காத்திருக்க வேண்டிவரும்.

சுருக்கமாகச் சொன்னால், கேமராவைப் பார்த்து வேலையைத் தேடாதீர்கள். வேலையைப் பார்த்துக் கேமராவைத் தேடுங்கள். வீட்டுக்குச் சின்னது, அல்லது கையில் இருக்கும் போன். தொழிலுக்குப் பெரியது, அதுவும் கற்ற பிறகு, பழையது, வட்டியில்லாமல்.

கடன் உதவிக்கான மனுப் படிவம் நம் அலுவலகத்தில் கிடைக்கும். அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். தங்கைகள் பெற்றோரோடு வந்தால் அவர்களுக்கு விவரம் சொல்லப் பெண் ஊழியர் இருக்கிறார்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வருமானத்தை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.