வீட்டுக் கணினியும் நம் மாணவர்களும்

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் வீட்டு மடிக்கணினியைத் திறந்தால் அதில் என்னென்ன இருக்கும்? மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கும். சிலரிடம் ஆதார் நகல்களும் இருக்கும். எமிஸ் தளத்தின் கடவுச்சொல்லை உலாவியே நினைவில் வைத்திருக்கும். அதே கணினியில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நாம் மின்கட்டணம் செலுத்துகிறோம். ஆகவே அதைப் பாதுகாப்பது நம் சொந்த வேலை மட்டுமல்ல. நம்மை நம்பி விவரம் தந்த பெற்றோருக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை.

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது அது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. யாரும் எதையும் சொடுக்காமலேயே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அது தானாகத் தாவியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸில் இருந்த அந்த ஓட்டையை அடைக்கும் மேம்படுத்தலை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே இலவசமாக வெளியிட்டுவிட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அதை நிறுவாத கணினிகள். மருந்து கையில் இருந்தும் சாப்பிடாத கதைதான்.

எனவே முதல் வேலை, மேம்படுத்தலைத் தள்ளிப்போடாதிருப்பது. ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுவோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பழைய கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்காவிட்டால் லினக்ஸுக்கு மாறலாம், அதற்குச் செலவில்லை.

இரண்டாவது, பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. கணினியில் நிர்வாகி கணக்கு, சாதாரணக் கணக்கு என இரண்டு வகை உண்டு. பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்தால், கணினி முழுவதையும் பாதிக்கும் மென்பொருளை நிறுவும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். இலவசமாகக் கிடைக்கும் ‘கிராக்’ விளையாட்டுகளோடு தீநிரல் வருவது வழக்கம். ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவுங்கள்’ என்று ஒரு மென்பொருள் சொன்னால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

மூன்றாவது, நகல். வினாத்தாள்கள், பதிவேடுகள், குடும்பப் படங்கள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் மாதம் ஒருமுறை நகலெடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் கணினியைப் பூட்டும் தீநிரல் அந்த நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும். கணினி மையத்தில் அச்செடுக்கக் கொண்டுபோன பென்டிரைவை வீட்டில் திறப்பதற்கு முன் ஆன்டிவைரஸால் சோதித்துவிடுங்கள்.

நான்காவது, கடவுச்சொல். ஒரே கடவுச்சொல்லை எல்லாத் தளங்களுக்கும் வைக்காதீர்கள். குறிப்பாக, மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் தேவை. மற்றத் தளங்களின் கடவுச்சொல்லை மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல்தான். அதைப் பிடித்தவர் அனைத்தையும் பிடித்துவிடுவார்.

ஐந்தாவது, பதற்றம் கூடாது. திடீரென்று திரை சிவந்து, ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வரலாம். அது பெரும்பாலும் ஒரு வலைப்பக்கம் மட்டுமே. உலாவியை மூடுங்கள், அந்த எண்ணை அழைக்காதீர்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

மாணவர் விவரம் கசிந்திருக்கலாம் என்ற ஐயம் வந்தால் தலைமையாசிரியரிடம் அன்றே தெரிவியுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அந்த எண்களுக்கு வரும் மோசடி அழைப்புகளைப் பெற்றோர் முன்னறிவிப்பின்றிச் சந்திக்க நேரும்.

இவை எதற்கும் கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை. வரும் ஞாயிறன்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேம்படுத்தலை முடித்து, பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு திறந்து, முதல் நகலை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்த பழைய மாணவர் பட்டியல்களை அழித்துவிடுங்கள். கணினியில் இல்லாததை யாரும் திருட முடியாது. பிறகு திங்களன்று வகுப்பில் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். பல வீடுகளில் கைப்பேசியையும் கணினியையும் இயக்கத் தெரிந்தவர் நம் மாணவர் ஒருவராகவே இருப்பார்.