பியூரெட்டும் பவளமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவன் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் மீன்தொட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். சங்கச் செயலாளரிடம் தலைப்பைச் சொன்னபோது, "ஏம்ப்பா, வேலை எல்லாம் நல்லாத்தானே போகுது?" என்று கவலையோடு கேட்டார். நல்லாத்தான் போகிறது சார்!

நான் இருப்பது அமெரிக்காவில், ஹூஸ்டனில். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள், சில பவளங்கள். பவளம் என்றதும் மோதிரக் கல்லை நினைக்காதீர்கள். இது உயிருள்ள பிராணி. தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்குத் தானே வீடு கட்டிக்கொள்வது. கடலில் ஒடித்ததும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தம் தொட்டியில் பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்த்த பவளத்திலிருந்து ஒரு விரல் நீளத் துண்டை எனக்குக் கொடுத்தார். நம் ஊர்த் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். அந்தக் கதை போதும். ராமேஸ்வரம் போனால் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.

கடல்நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பவளம் வளர்ப்பவன் அதற்கு மேல் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். கால்சியம், லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம். மெக்னீசியம், சுமார் 1300. மூன்றாவது காரத்தன்மை. அதை டி.கே.எச். என்ற அளவில் சொல்வார்கள். கடலில் சுமார் 7. கால்சியமும் காரத்தன்மையும் பவளத்துக்குச் செங்கல்லும் சிமெண்டும் மாதிரி. அவை இரண்டும் தண்ணீரிலேயே சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடாமல் தடுப்பதில் மெக்னீசியத்துக்குப் பங்கு உண்டு.

இவற்றை எப்படி அளப்பது? இங்கேதான் நம் கல்லூரி வருகிறது. காரத்தன்மைக்கு, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். கால்சியத்துக்கு, காரம் சேர்த்து மெக்னீசியத்தை ஒதுக்கிவிட்டு, ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நீலமாகும். ஆமாம் நண்பர்களே, அதே முதலாண்டு கெமிஸ்ட்ரி லேப்! "மெக்கானிக்கல்காரனுக்கு இது எதுக்குடா?" என்று கேட்டுக்கொண்டே, பக்கத்து மேசைக்காரனின் டைட்டர் வேல்யூவைப் பார்த்து, 0.1 கூட்டிக் குறைத்து ரெக்கார்டில் எழுதினோமே, அதேதான். இங்கே சிரிப்பவர்கள் எல்லாம் என் கூட்டாளிகள்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் கோடு தெரியும். ஒருநாள் அது அலமாரியிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், உடையவில்லை. மறுவாரம் அளந்தால் உப்பு 40! தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி 35க்குக் கொண்டுவந்தேன். மனதுக்கு நிம்மதி.

பவளத்துக்கு நிம்மதி இல்லை. கிளைகள் சுருங்கின. மற்றவற்றைச் சோதித்தேன். கால்சியம் 360, காரத்தன்மை 6, மெக்னீசியம் 1110. "பவளம் வளர்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டது" என்று நினைத்தேன். ஒரே இரவில் 44 கிராம் கால்சியம் குளோரைடும் 18 கிராம் ஆப்ப சோடாவும் கரைத்து ஊற்றினேன். காரத்தன்மை 6லிருந்து 9க்குத் தாவியது. ஒரு நாளில் 1க்கு மேல் ஏற்றாமல் இருப்பதே நல்லது என்று படித்திருந்தும் செய்தேன். இரண்டு நாளில் பவளத்தின் தசை உரிந்து வெறும் எலும்புக்கூடு தெரிந்தது. "அப்பா, அது ஏன் வெள்ளையா போச்சு?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரியவருக்குப் போன் செய்து குறித்து வைத்த எண்களை எல்லாம் படித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணீரைச் சோதித்தாய், சரி. கருவியைச் சோதித்தாயா?"

ரிஃப்ராக்டோமீட்டரில் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். 0 காட்ட வேண்டியது 5 காட்டியது. ஆக, நான் 35 என்று கொண்டாடியது 30. ஒரு குறையும் இல்லாமல் இருந்த தொட்டியைத்தான் நான் "சரி" செய்திருக்கிறேன்.

இதைக் கருவியைத் தொடாமலே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 420 போய் 360, 7 போய் 6, 1300 போய் 1110. மூன்றும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில், ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. 35, 30 ஆவதும் அதே ஏழில் ஒரு பங்குதான். பவளம் சாப்பிட்டால் அப்படிக் குறையாது. சுண்ணாம்பு உருவாகும்போது 20 மில்லிகிராம் கால்சியத்துக்கு 2.8 டி.கே.எச். செலவாகும். 60 மில்லிகிராம் செலவாகியிருந்தால் காரத்தன்மை 8.4 குறைந்திருக்க வேண்டும். இருந்ததே 7! கடையில் 7 ரூபாய் வைத்திருந்தவன் 8 ரூபாய் 40 காசு செலவு செய்தான் என்று கணக்கு எழுதினால் ஒப்புக்கொள்வோமா? நான் ஒப்புக்கொண்டேன். இஞ்சினியர் வேறு!

பிறகு, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பு நீரையே ஊற்றி, பத்து நாளில் சுமார் ஒரு கிலோ உப்பை மெல்ல மெல்லச் சேர்த்தேன். மீன்கள் பிழைத்தன. மற்ற பவளங்களும் தேறின. அந்த விரல் நீளத் துண்டு மட்டும் திரும்பவில்லை. இப்போது 35க்கென்றே விற்கும் அளவுக் கரைசலை வைத்து மாதம் ஒருமுறை கருவியைச் சரிபார்க்கிறேன். எந்த எண் விசித்திரமாக வந்தாலும், ஊற்றுவதற்கு முன் இன்னொரு முறை அளக்கிறேன். நம் லேபில் கன்கார்டண்ட் வேல்யூ வரும்வரை விடமாட்டார்களே, அதன் அர்த்தம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

தம்பி தங்கைகளே, லேபில் ரீடிங்கை மாற்றி எழுதினால் மார்க் கிடைக்கும், எங்களுக்கும் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. வரவேண்டிய விடை நமக்குத் தெரியும் என்ற நினைப்பு. நாளை உங்கள் கையில் இருப்பது பாய்லராக இருக்கலாம், பாலமாக இருக்கலாம். அதற்கு நம் ரெக்கார்டு நோட்டைப் படிக்கத் தெரியாது.

அந்தப் பெரியவர் எனக்கு இன்னொரு துண்டு கொடுத்தார். வாங்கும்போது என் நோட்டையும் நீட்டினேன். தப்பான எண்களை நான் அடிக்கவில்லை, அப்படியே வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.