அடுப்பை எண்ணுங்கள்
(தோட்டக் கமிட்டித் தலைவர், மாதர் தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு கேட்டு நாம் எழுதும் மனுக்களில் கஷ்டம் நிறைய இருக்கிறது, கணக்கு இல்லை. பிரதேச செயலகத்தில் அதை வாசிப்பவருக்கு எத்தனை குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்பது முதலில் தெரியவேண்டும்.

"10 காம்பரா லயம், 10 வீடு தேவை" என்று எழுதினால் நட்டம் நமக்குத்தான். ஒரே காம்பராவில் தகப்பன் ஒரு அடுப்பு, கல்யாணம் முடித்த மகன் இன்னொரு அடுப்பு. கதவை விட்டு அடுப்பை எண்ணுங்கள். செக்ரோலை மட்டும் பார்த்தும் பெயர் எழுதவேண்டாம். வேலையை விட்ட பெரியவர்களும், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையின் மனைவி மக்களும் அதில் இருக்கமாட்டார்கள். மழைக்கு ஒழுகுவது அவர்கள் தலையிலும்தான்.

லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தால் கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். அந்த அறிக்கையை மனுவோடு இணையுங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தும் சனம் அங்கேயேதான் இருந்தது.

தண்ணீர், பாதைக்குப் பிரதேச சபைக்குத் தனி மனு போடுங்கள். "தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டமில்லை" என்றால், பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டதை எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லா மனுவுக்கும் ஒரு பிரதி எடுத்து, அதில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் "அப்படி ஒன்று வரவேயில்லை" என்பார்கள்.