அந்த விசைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கா?



பரிசளிப்பு நாளில் வாத்தியார் கணினி விசைகளைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று முணுமுணுக்காதீர்கள். நான் செய்த தவறு ஒரு பிள்ளையின் பரிசு நாளையே கெடுத்தது. அதனால்தான் பேசுகிறேன்.

முன்பு நான் வேலை செய்த பள்ளியில் ஆசிரியர் அறைக்கு ஒரே கணினி. செக்கோலா ஜெனிஸ் கெபாங்சான் என்று தொடங்கும் நீண்ட பெயரைத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் முழுப் பெயரும் வந்து விழும்படி வேர்டில் மாற்றி வைத்தேன். செக்கோலாவுக்கு எஸ், சுலபமா ஞாபகம் இருக்கும்னு நினைப்பு. அது எழுதியதைச் சேமிக்கும் விசை என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் மௌஸால் சேமிக்கிற ஆள், மற்றவர்களை நினைக்கவில்லை.

விழாவன்று காலை, விட்டுப்போன ஒரு சான்றிதழைச் சக ஆசிரியை அவசரமாகத் தட்டினார். கண் தாளில், கை விசையில். மாணவியின் பெயரை அடித்ததும் பழக்கத்தில் கண்ட்ரோல், எஸ். அப்படியே அச்சும் எடுத்தார். செம்பனைக் குலை வெட்டும் அப்பா அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையை விட்டு இறங்கிய பிள்ளை என்னிடம் வந்து, "சார், இது எம்பேரா?" என்று கேட்டாள். அவள் பெயரோடு பள்ளியின் பெயரும் ஒட்டிக் கிடந்தது.

பிரட்டுக்களத்தில் ஒரே நிரையை இரண்டு பேருக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? அங்கேயே சத்தம் கிளம்பும். கணினியில் சத்தமே இல்லை! புதியவர் வந்ததும் பழையவர் பேசாமல் ஒதுங்கிவிடுவார்.

ஆனால் முன்கூட்டியே கேட்டால் வேர்ட் சொல்லிவிடும். பைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் கீழே கஸ்டமைஸ் என்று ஒரு பொத்தான். அங்கே விசைகளை அழுத்திப் பாருங்கள். 'கரண்ட்லி அசைன்ட் டு' என்ற வரி, அந்த விசைக்கு இப்போது யார் சொந்தக்காரர் என்று காட்டும். 'அன்அசைன்ட்' என்று வந்தால் காலி நிரை, எடுத்துக்கொள்ளலாம். நான் அந்த வரியைப் பார்த்தும் பார்க்காததுபோல் 'அசைன்' கொடுத்தவன். அங்கேயே மாற்றத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்றும் கேட்கும். 'நார்மல்' என்று விட்டால் எல்லாக் கோப்புக்கும் பரவும். பொதுக் கணினியில் உங்கள் கோப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

வேர்ட் சொல்லாததும் உண்டு. திரையிலுள்ள ஒரு படத்துக்கு நாம் கொடுக்கும் கண்ட்ரோல், ஆல்ட், ஓர் எழுத்து என்ற கூட்டு, எந்த மென்பொருளிலும் முந்திக்கொள்ளும். வேர்டில் அவற்றோடு சி சேர்ந்தால் பதிப்புரிமைக் குறி. கால்குலேட்டருக்கு அதையே கொடுத்தீர்களானால் குறி வராது, கால்குலேட்டர்தான் வந்து நிற்கும். விண்டோஸ் விசையோடு சேர்பவற்றைத் தொடவே வேண்டாம். அதோடு எல் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

உண்மையைச் சொன்னால், பள்ளிப் பெயருக்கு விசையே தேவைப்படவில்லை. ஆட்டோகரெக்டில் எஸ்ஜேகே என்று ஒரு சுருக்கம் வைத்திருந்தால், அதை அடித்து இடைவெளி விட்டதும் முழுப் பெயர் வந்திருக்கும்.

அன்று மாலையே 'ரீசெட் ஆல்' கொடுத்துவிட்டு, புதுச் சான்றிதழோடு லயத்துக்குப் போனேன். அப்பா அதை வாங்கி மகளிடம் நீட்டி, "சரியா இருக்கான்னு நீயே படிச்சுச் சொல்லும்மா" என்றார். அவள் உரக்கப் படித்தாள்.